ஒண்ணுன்னா நில்லு

செப்டம்பர் 18

புது வண்டி வந்து சேர்ந்தது. புதுசு என்று சொல்வது வாய்ப் பழக்கம்தான். எல்லையில் எங்கேயோ பன்னிரண்டு வருஷம் ஓடிய கவச வண்டி. அங்கே வேண்டாம் என்றான பிறகு, பச்சைக்கு மேல் நீலம் அடித்து எங்கள் நஞ்சைக்காட்டூர் போலீஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவு மூலையில் நகத்தால் சுரண்டினால் பச்சை எட்டிப் பார்க்கிறது. எடை பதினோரு டன். சக்கரம் என் நெஞ்சு உயரம். இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஓட்டை, துப்பாக்கி நீட்ட.

இந்த ஊர் ஆயுதப்படையில் கனரக வண்டி ஓட்டிப் பழகிய ஆள் நான் ஒருவன்தான் என்று சாவியை என் கையில் திணித்துவிட்டார்கள். நாச்சிமுத்து, தலைமைக் காவலர், ஓட்டுநர். ஓய்வுக்கு நாலு வருஷம் பாக்கி. போலீஸில் சேருமுன் ஆறு வருஷம் லாரி ஓட்டினேன். அந்தக் காலத்து டிரிப் நோட்டு எழுதும் பழக்கம்தான் இன்னும் விடாமல் இந்த நோட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மீட்டர் 41,206. வைப்பர் ஒன்று வேலை செய்யவில்லை.

செப்டம்பர் 20

மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் நல்ல இன்ஜின், குறை சொல்லக்கூடாது. ஆனால் கண்ணாடி! பள்ளிக்கூடச் சிலேட்டு அகலம். கனமோ செங்கல் கனம். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினால் வெளியுலகம் ஊமையாகிவிடுகிறது. பக்கத்தில் நின்று ஆள் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரிகிறது.

ஒரு சந்தேகம் வந்து, என் டிபன் கேரியரை வண்டிக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு ஏறிப் பார்த்தேன். தெரியவில்லை. இறங்கி நாலடி தள்ளி வைத்தேன். தெரியவில்லை. இப்படியே இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கேரியரின் மூடி கண்ணுக்குத் தட்டுப்பட்டபோது அது பதினாறு அடி தூரத்தில் இருந்தது. பதினாறு அடி! அதற்குள் ஒரு ஆள் குனிந்திருந்தாலும் விழுந்து கிடந்தாலும் எனக்கு அது வெறும் ரோடு.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. அதே கேரியரில்தான் சாப்பாடு இருந்தது.

செப்டம்பர் 21

மனு எழுதிக் கொடுத்தேன். "மேற்படி வாகனம் ஜன நெருக்கடியில் செல்லும்போது முன்னால் ஒரு காவலர் நடந்து சென்று ஓட்டுநருக்குச் சைகை காட்ட உத்தரவிட வேண்டுகிறேன்."

இன்ஸ்பெக்டர் அருளரசு படித்துவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. "ஏன்யா நாச்சிமுத்து, கல்லு படக்கூடாதுன்னுதான் கவச வண்டி குடுத்திருக்கு. அதுக்கு முன்னாடி கவசமில்லாத ஒருத்தனை நடக்க விடச் சொல்ற. அப்புறம் வண்டி எதுக்கு?"

மனுவை நீட்டிக்கொண்டே கேட்டார்: "கதிர்வேலு கண்ணை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஆவணியில் தேர் வழித்தகராறில் எங்கள் கதிர்வேலுவுக்கு இடது கண்ணில் கல் பட்டது. தலையில் இருந்தது பிளாஸ்டிக் ஹெல்மெட், கையில் பிரம்புத் தட்டி. அவனை ஜீப்பில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓட்டியது நான்தான். சீட்டில் படிந்த கறை இன்னும் இருக்கிறது. அன்றைக்கு இந்த வண்டி இருந்திருந்தால் அந்தக் கண் தப்பியிருக்கும். அதுவும் நிஜம்தானே? இரண்டு நிஜத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மனுவைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 25

மச்சான் சென்னியப்பன் வீட்டுக்கு வந்தான். என் மனைவி சாந்தாமணியின் அண்ணன். அதற்கும் முன்னால் அவன் என் லாரிக் கூட்டாளி. ஆறு வருஷமும் ஸ்டியரிங்கில் நான், கிளீனராக அவன். அந்தப் பழக்கத்தில்தான் அவன் தங்கச்சியை எனக்குக் கட்டிவைத்தான். இப்போது மார்க்கெட்டில் மஞ்சள் கடை. அவன் கை எந்நேரமும் மஞ்சள்தான். எங்கள் கல்யாணத்தன்று சந்தோஷத்தில் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான், என் பட்டுச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்து இன்றுவரை போகவில்லை.

மார்க்கெட்டை ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் மாற்றப்போகிறார்களாம். கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தெருவில் உட்காரப்போகிறார்களாம். காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்:

"ஏன் மாப்ளே, என்ற கடையில இருக்கற பெரிய ஆயுதமே அஞ்சு கிலோ எடைக்கல்லு. பாவாயக்கா கிட்ட கருவேப்பிலைக் கட்டு. இதுக்குக் குண்டு தொளைக்காத வண்டி வேணுமாக்கு?"

"கல்லடிக்கு மச்சா. கதிர்வேலுக்கு ஆனது தெரியுமல்லொ."

"தெரியும். பாவம் அந்தப் பையன். ஆனா அது எவனோ குடிச்சுப்போட்டு எறிஞ்சது. அதுக்கு எங்களையெல்லாம் எல்லைக்கு அக்கட்ட இருக்கறவன் மாதிரி நெனைச்சுக்கிட்டா எப்படி?"

"அவர பேசச் சொல்லாத, அவரு சாவி வெச்சிருக்கறவரு" என்றாள் சாந்தாமணி. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதினாறு அடி பற்றி அவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. துப்பாக்கிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. என் வண்டிக்கும் முன்னால் மூன்று பட்டை, நடுவில் குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நாலு. குடும்பங்களெல்லாம் மைதானத்துக்கு வந்திருந்தன. பூஜை மஞ்சள் மச்சான் கடை உபயம். அவனும் வந்து யானை பார்க்கிற பிள்ளை மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"உள்ள உக்காந்தா சத்தம் கேக்குமா மாப்ளே?"

"பேச்சு கேக்காது."

"தட்டுனா?"

ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். லாரியில் எங்களுக்குள் இருந்த பேச்சே அதுதான். பாடியில் உள்ளங்கையால் ஒண்ணு தட்டினால் நில்லு. ரண்டு தட்டினால் போலாம். கர்நாடகா மலைப்பாதையில், மழையில், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்தத் தட்டை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன். ஒருநாளும் தப்பியதில்லை.

இடது பக்கப் பின்புறத்திலிருந்து வந்தது. டங், டங். கிணற்றுக்குள் கேட்கிற மாதிரி, ஆனால் கேட்டது. எனக்கு அப்படியே உடம்பு லேசாகிவிட்டது. கதவைத் திறந்து "ரண்டு! போலாம்!" என்று கத்தினேன். மச்சான் கையைத் தூக்கிச் சிரித்தான்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன். பொங்கல், சுண்டல் இரண்டு தடவை.

அக்டோபர் 4

மார்க்கெட் தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். முந்நூறு பேர் என்கிறார்கள். தெருவின் அகலம் பதினெட்டடி. வண்டி ஒன்பதடி. டீக்கடையில் நின்றபடியே கணக்குப் போட்டேன், திரும்பத் திரும்ப அதே விடைதான் வருகிறது.

அக்டோபர் 6

நாளைக் காலை பத்து மணிக்குத் தெருவைக் காலி செய்ய உத்தரவு. முதலில் போவது என் வண்டி. "பார்த்தாலே எந்திரிச்சு ஓடிருவாங்க. ஒருத்தன் மேல லத்தி படாது. அதுக்குத்தான் வண்டி" என்றார் இன்ஸ்பெக்டர். மனதார நம்பித்தான் சொல்கிறார்.

முன்னால் நடக்கிற ஆளைப் பற்றி மறுபடி கேட்டேன். "வண்டியில வயர்லெஸ் இருக்குல்ல?" என்றார். வயர்லெஸ்ஸுக்குக் கண் இருக்கிறதா என்று கேட்க நினைத்ததோடு சரி.

சாயந்தரம் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சா, நாளைக்கு நீ போகாத."

"நான் போகாட்டிப் பாவாயக்காளைப் பாக்கறது யாரு? அதுக்குக் காலு வேற இழுக்குது."

"வண்டி வருது."

"தெரியும். ஓட்டறது நீதான? பின்ன என்ன பயம்?"

அக்டோபர் 7

வண்டி எடுத்தோம். பன்னிரண்டு மணிக்குத் திரும்பினோம். ஓடியது 2 கி.மீ. 300 மீட்டர்.

அக்டோபர் 8

நேற்று நடந்ததை முறையாக எழுதி வைப்பது நல்லது. வண்டியில் நான், பக்கத்தில் இன்ஸ்பெக்டர், பின்னால் எட்டுப் பேர். தெருவுக்குள் நுழைந்ததும் கூட்டம் எழுந்து இரண்டு பக்கமும் ஒதுங்கியது. தக்காளி எறிந்தார்கள். ஓரிரண்டு கல்லும் விழுந்தது. வைப்பர் வேலை செய்யாததால் தக்காளிச் சாறு கண்ணாடியில் நின்றுவிட்டது. முன்னால் தூரத்தில் ரோடு காலியாகத் தெரிந்தது. மெதுவாக நகர்த்தினேன். கறிவேப்பிலை விற்கும் பாவாயம்மாள் என்பவர் வண்டிக்கு முன்னால் இடறி விழுந்திருக்கிறார். அவரை இழுத்துப் போட்ட நபருக்கு இடது காலில் சக்கரம் ஏறிவிட்டது. பாவாயம்மாளுக்குச் சிராய்ப்பு மட்டும்.

எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 9

சாந்தாமணி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். நான் ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

அக்டோபர் 10

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வண்டியைக் கழுவச் சொல்லி உத்தரவு. கழுவுமுன் கல் பட்ட தடங்களை எண்ணி எழுதித் தரவேண்டும். முன் கம்பிவலையில் ஒன்று, கூரையில் ஒன்று. தக்காளி எக்கச்சக்கம். அதை எண்ணச் சொல்லவில்லை.

இடது பக்கம் போனேன். பின் சக்கரத்துக்கு மேலே, என் தோள் உயரத்தில், நீலப் பெயிண்டில் மஞ்சளாய் ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக. ஒரு சாண் முன்னால் இன்னொரு கை. இரண்டாவதில் விரல்கள் இழுபட்டிருந்தன, ஓடிக்கொண்டே அடித்த மாதிரி.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குழாயில் தண்ணீர் வந்தது.

அக்டோபர் 12

இன்ஸ்பெக்டர் ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் போட வேண்டும். "கல்வீச்சின் காரணமாகவும், வாகனத்தின் அமைப்பின் காரணமாகவும், வெளியிலிருந்து எந்த எச்சரிக்கை ஒலியும் எனக்குக் கேட்கவில்லை."

"உன்னைக் காப்பாத்தத்தான்யா. உன் மேல தப்பே வராது. நாலு வருஷத்துல பென்ஷன் வாங்கிட்டுப் போ."

கீழே இன்னொரு தாள் இருந்தது. முதல் தகவல் அறிக்கையின் நகல். எதிரிகள் பதினொரு பேர். மூன்றாவது பெயர் சென்னியப்பன், மஞ்சள் வியாபாரி. "காவல் வாகனத்தைத் துரத்திச் சென்று கைகளால் பலமுறை ஓங்கி அடித்துத் தாக்கி, சேதப்படுத்த முயன்றும்..."

கைகளால் ஓங்கி அடித்து! பதினோரு டன் இரும்பை! அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தேன். "சார், இவரு என்ற மச்சான்" என்றேன்.

"தெரியும். அதான் நீ ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்றேன். கேட்டுச்சுன்னு சொன்னா, அப்புறம் ஏன் நிறுத்தலைன்னு கேப்பாங்க. உன்னால பதில் சொல்ல முடியுமா?"

வீட்டில் நிதானமாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 13

சாந்தாமணி துணி எடுக்க வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"ஏனுங், அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. 'மாப்ளைக்குக் கேட்டுச்சாமா?'ன்னு. நான் என்னனு சொல்லட்டும்?"

நான் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"பெலமா அடிச்சனே, கேட்டிருக்கணுமேன்னு திரும்பத் திரும்பச் சொல்லுது. போலீஸுக்காரங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. காலு போனவன் எங்கீங்க ஓடப் போறான்?"

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இறக்க நான் எழவில்லை.

அக்டோபர் 14

எட்டாம் தேதி எழுதியது பொய். என் நோட்டில், யாரும் படிக்காத நோட்டில், நானே எனக்குப் பொய் எழுதி வைத்திருக்கிறேன். வெட்கக்கேடு.

கேட்டது. நன்றாகக் கேட்டது. முதலில் ஒரு டங். கல் இல்லை, உள்ளங்கை. அது மச்சான் கை என்றும் தெரிந்தது. ஆறு வருஷம் கேட்ட கை. என் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்தது. பிரேக்குக்குப் போய்க்கொண்டிருந்தபோது இன்னொரு டங். ரண்டு. ரண்டுன்னா போலாம். மச்சானே சொல்லிவிட்டான், அந்தப் பதினாறு அடியில் யாரும் இல்லை என்று நெஞ்சு குளிர்ந்துபோய்க் காலை ஆக்ஸிலேட்டரில் வைத்து அழுத்தினேன்.

அவன் ஒண்ணுதான் தட்டியிருக்கிறான். நான் நிற்கவில்லை என்று நினைத்து மறுபடியும் ஒண்ணு தட்டியிருக்கிறான். பதினோரு டன் வண்டி கால் எடுத்த உடனே நின்றுவிடுமா? அவனுக்கு நான் நிற்காமல் போகிற மாதிரித்தான் தெரிந்திருக்கும். அப்புறம்தான் முன்னால் ஓடிப் பாவாயக்காளை இழுத்திருக்கிறான். இரண்டு 'நில்லு' சேர்ந்து எனக்கு ஒரு 'போலாம்' ஆகிவிட்டது.

இன்னும் ஒன்றையும் எழுதிவிட வேண்டும். போலாம் என்கிற தட்டு இறுக்கமாக வரும், டங்டங் என்று. அன்றைக்கு நடுவில் இடைவெளி இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தெருவிலிருந்து வெளியே போய்விட வேண்டும் என்று உயிர் துடித்தது. போலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. அதனால் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16

கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும் அம்மா. பெயர் கோதைநாயகி. வண்டியைப் பார்வையிட மைதானத்துக்கே வந்துவிட்டார். முதலில் குழாய் பழுது, பிறகு பிரஷ் இல்லை என்று நான் ஓட்டிய பொய்களால் வண்டி கழுவாமலே நின்றது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

அந்த அம்மா இடது பக்கம் வந்ததும் நின்றார். "இதென்ன மஞ்சள்?"

"ஆயுத பூஜைக்கு வெச்சதுங்க மேடம்" என்று இன்ஸ்பெக்டர் சட்டென்று சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல பதில். நானும் தலையாட்டியிருக்கலாம்.

"இல்லீங்கம்மா. அது என்ற மச்சான் கைங்க."

நான் போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தேன்.

"அம்மா, ஒரு நிமிஷம் உள்ள ஏறி என்ற சீட்டுல உக்காருங்க. கதவைச் சாத்திக்கோங்க. எத்தனை தட்டுக் கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஏறினார். பெரிய மனசு. நான் பின்புறம் போய் அந்தக் கைத்தடத்துக்குப் பக்கத்தில் ஒண்ணு தட்டினேன். வண்டி நிற்காமல் போவதாக மனதுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு எட்டு ஓடி, மறுபடியும் ஒண்ணு தட்டினேன். கதவு திறந்தது.

"இரண்டு" என்றார்.

"நான் தட்டுனது ஒண்ணுங்கம்மா. ரண்டு தடவை ஒண்ணு. ஒண்ணுன்னா நில்லு. ரண்டுன்னா போலாமுங்க. அவரு வண்டியை அடிக்கல, நிறுத்தச் சொன்னாரு. எனக்குக் கேட்டுதுங்க. நான்தான் தப்பாப் புரிஞ்சுட்டுப் போயிட்டனுங்க."

"இடைவெளி தெரியலையா?" என்றார். கெட்டிக்கார அம்மா.

"தெரிஞ்சுதுங்க" என்றேன்.

பையிலிருந்த பழைய மனுவையும் கொடுத்தேன். மடிப்பு கிழிந்திருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்கு யார் பதில் சொன்னது?" என்றார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

மாலையில் என் கையில் பணியிடை நீக்க உத்தரவு. சாவியைக் கொடுத்துவிட்டேன். மீட்டர் 41,231.

அக்டோபர் 17

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பத்து நாள் கழித்து. கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் இல்லை. அவன் பெயரை வழக்கிலிருந்து எடுக்கச் சொல்லிக் காலையில் தகவல் வந்ததாம். சாந்தாமணி என்னைப் பார்த்ததும் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மச்சான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வை ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தரைமட்டம். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் வரும்போது அடுக்கி வைத்திருந்தேன்.

"கேட்டுது மச்சா" என்றேன்.

அவன் திரும்பவில்லை.

"ரண்டுன்னு நெனைச்சுட்டேன்."

அவன் தோள் மட்டும் குலுங்கியது. என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று புரிந்தது. அவன் மேல் என்ன தப்பு? வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தேன்.

டங்.

கட்டில் இரும்பில், உள்ளங்கையால். அப்படியே நின்றுவிட்டேன். இன்னொண்ணு வந்தால் போய்விட வேண்டியதுதான் என்று முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பத்து மூச்சுக்கு மேல் ஆயிற்று. வரவில்லை.

திரும்பி வந்து ஸ்டூலில் இருந்த ஆரஞ்சை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.